72 பேர், ஒரு ரப்பர் படகு, ஒரு பிஎச்டி நேர்காணல்

புலம்பெயர்வு பற்றி ஐரோப்பாவில் பிஎச்டி செய்ய விண்ணப்பிக்கிறவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராவது தங்கள் ஆய்வுத் திட்டத்தை எனக்கு அனுப்பி, "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணா" என்பார்கள். இரண்டு முறை தேர்வுக்குழுவில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான், அதுதான் இதற்கு என் தகுதி. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பித் தயாரானால் பாதி வேலை வீண். "பல்துறை அணுகுமுறை உள்ளவர், குழுவாக இயங்கக்கூடியவர், தன்முனைப்பு உள்ளவர், ஆங்கிலத்தில் நன்றாக எழுதக்கூடியவர்" என்று இருக்கும். கல்யாண விளம்பரத்தில் "நல்ல குடும்பம்" என்று போடுவது மாதிரி. யாருக்குத்தான் பொருந்தாது?

ஆகவே விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, சமீப காலமாக ஒரே ஒரு நிகழ்வை எடுத்து, துண்டு துண்டாகச் சொல்லி, ஒவ்வொரு துண்டுக்கும் "இப்ப யார்கிட்ட போவீங்க, என்ன கேப்பீங்க?" என்று கேட்டுப் பார்க்கிறேன். போன தடவை ஐந்து பேர் ஜூமில் இருந்தார்கள். ஒருவர் சட்டம், ஒருவர் பொருளாதாரமும் புள்ளியியலும், ஒருவர் புவியியல், ஒருவர் மானுடவியல், கடைசியாக நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து சமூகப்பணி படித்த ஒரு பெண். அந்த இரண்டரை மணி நேரத்தில் நடந்ததும், அந்த நிகழ்வும் சேர்ந்ததுதான் இந்த எழுத்து.

நிகழ்வு இதுதான். 2011 மார்ச் 27 அதிகாலையில் லிபியாவின் திரிப்போலியிலிருந்து சுமார் பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு ரப்பர் படகு இத்தாலியை நோக்கிக் கிளம்பியது. அதில் 72 பேர். எத்தியோப்பியா, எரித்ரியா, கானா, நைஜீரியா, சூடான் நாட்டவர்கள், இரண்டு கைக்குழந்தைகளும் உண்டு. இன்னும் கொஞ்சம் பேரை ஏற்ற வேண்டும் என்பதற்காகத் தண்ணீரையும் சாப்பாட்டையும் பெரும்பாலும் கரையிலேயே பிடுங்கிக்கொண்டார்கள் ஏற்றிவிட்டவர்கள். அன்றைக்கே நடுக்கடலில் நிலைமை மோசமாக, படகிலிருந்த சாட்டிலைட் போனில் ரோமில் இருந்த எரித்ரியப் பாதிரியார் முஸ்ஸி செராயை அழைத்தார்கள், அவர் இத்தாலியக் கடலோரக் காவல்படைக்குச் சொன்னார், காவல்படை போன் நிறுவனத்திடம் கேட்டுப் படகு இருந்த இடத்தின் ஆயங்களை வாங்கி, அந்தப் பகுதியில் இருந்த கப்பல்களுக்கெல்லாம் அபாய அறிவிப்பை அனுப்பியது. அதாவது, படகு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

ஒரு ராணுவ ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும் இறக்கிவிட்டுப் போனது. மீட்பு வந்துவிட்டது என்று நம்பிய படகோட்டி, தன்னை ஆள் கடத்துகிறவன் என்று பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் சாட்டிலைட் போனையும் திசைகாட்டியையும் கடலில் வீசிவிட்டார். யாரும் வரவில்லை. எரிபொருள் தீர்ந்தது. வழியில் மீன்பிடிப் படகுகளைப் பார்த்தார்கள், அவையும் உதவவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு பெரிய போர்க்கப்பல் மிக அருகில் வந்து, சுற்றிப் பார்த்து, விலகிப் போனது. கப்பலில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 14 நாள் மிதந்து ஏப்ரல் 10 அன்று படகு லிபியாவின் ஸ்லித்தான் கரையில் ஒதுங்கியபோது 11 பேர் உயிரோடு இருந்தார்கள். கரையில் ஒருவரும் சிறையில் ஒருவரும் இறந்தார்கள். மிச்சம் ஒன்பது பேர்.

இதெல்லாம் நடந்தது ஆளில்லாக் கடலில் இல்லை. அப்போது லிபியாவில் போர். ஆயுதத் தடையை அமல்படுத்த நேட்டோ கூட்டணி அந்தக் கடலில் கப்பலும் விமானமுமாக நின்றிருந்தது. உலகத்திலேயே அதிகமாகக் கண்காணிக்கப்பட்ட கடல்களில் ஒன்று அந்த வாரங்களில் அதுதான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "சரி, உங்க கையில கேஸ் வந்திருக்கு, மூணு வருஷம் சம்பளம் இருக்கு, என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

சட்டம் படித்தவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 1982 கடல் சட்ட உடன்படிக்கை, 98-ஆவது பிரிவு, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது ஒவ்வொரு கப்பல் தலைவரின் கடமை, 1979 தேடல் மீட்பு உடன்படிக்கை என்று அடுக்கினார். எல்லாம் சரி. "எந்தக் கப்பல்?" என்று கேட்டேன். அமைதி. எந்த மணிக்குப் படகு எங்கே இருந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல் அந்தப் பிரிவை யார் மேல் பிரயோகிப்பது? சட்டம் இங்கே கதவு வரைக்கும் கூட்டிப்போய் நிற்கிறது. சாவி வேறு யாரிடமோ இருக்கிறது.

புள்ளியியல்காரர் தயங்கித் தயங்கி ஒரு உண்மையைச் சொன்னார்: "அண்ணா, இது ஒரே ஒரு படகு. இத வச்சு எதையும் பொதுவா சொல்ல முடியாது." 2011-இல் மத்தியதரைக் கடலில் 1,500 பேருக்கு மேல் இறந்ததாக ஐநா அகதிகள் ஆணையம் மதிப்பிட்டது, நான் அந்த மொத்தத்தை எடுத்துக்கொள்வேன் என்றார். நியாயமான பதில்தான். ஆனால் அந்த 1,500-ஐ யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்ற பக்கம் அவர் போகவே இல்லை. இந்தப் படகில் ஒருவர்கூடப் பிழைக்காமல் போயிருந்தால் இந்த 63 பேர் அந்தக் கணக்கில் வந்திருப்பார்களா என்று கேட்டதும்தான் முகம் மாறியது. கடலில் எண் என்பது பிழைத்தவர் சொன்னது, கரை ஒதுங்கிய உடல், போன் அழைப்பு, இப்படி எதையாவது பிடித்து வருவது. எண்ணைக் கையாளத் தெரிந்தவர்கள் நிறைய வருகிறார்கள். எண்ணின் பிறப்பைக் கேட்கிறவர்கள் குறைவு, தேர்வுக்குழு தேடுவது பெரும்பாலும் இந்தக் குறைவான கூட்டத்தைத்தான்.

புவியியல் படித்தவருக்கு உற்சாகம். செயற்கைக்கோள் படம் எடுக்கலாம், ராடார் படம் இருந்தால் மேகம் இருந்தாலும் தெரியும் என்றார். பிறகு அவரே கணக்குப் போட்டுப் பார்த்து, பத்து மீட்டர் ரப்பர் படகு அந்தக் காலத்து ராடார் படத்தில் தெரியாது, ஆகவே பயன் இல்லை என்று முடித்துவிட்டார். அவர் சொன்ன கணக்கு சரி. அவர் நிறுத்திய இடம்தான் தப்பு. அந்த இடத்தில்தான் இந்த நிகழ்வின் இரண்டாம் பாதி தொடங்குகிறது.

சார்ல்ஸ் ஹெல்லர், லொரென்சோ பெட்சானி என்ற இருவர் அப்போது லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் முனைவர் பட்ட மாணவர்கள். ஒருவர் ஆவணப்படக்காரர், இன்னொருவர் கட்டடக்கலை படித்தவர். கடலியல் படித்ததில்லை, சட்டம் படித்ததில்லை. ஏயால் வைஸ்மன் என்ற கட்டடக்கலைஞர் நடத்திய தடயக் கட்டடக்கலைத் திட்டத்தில் (படம், வரைபடம், கட்டட அளவுகளை வைத்து உரிமை மீறல்களைத் துப்பறிவது) இருந்தார்கள். மத்தியதரைக் கடல் சாவுகளுக்குப் பொறுப்பு கேட்டு மனித உரிமை அமைப்புகளின் கூட்டணி ஒன்று அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குத் துணையாகத்தான் இவர்கள் இந்தப் படகைக் கையில் எடுத்தார்கள். 2012 ஏப்ரலில் அறிக்கை வந்தது.

அவர்கள் செய்த வேலையை நான் எப்போதும் இப்படித்தான் விளக்குவேன். படகின் பயணத்துக்கு இரண்டு முனைகள் தெரியும். ஒரு முனையில் போன் நிறுவனம் கொடுத்த ஆயங்கள், மறு முனையில் ஸ்லித்தான் கரை. நடுவில் இரண்டு வாரம் இருட்டு. எரிபொருள் தீர்ந்த பிறகு படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குத்தான் போயிருக்கும் என்பதால், அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் லைம்பர்னரிடம் போனார்கள். அவரிடம் "அகதிகள் சாவுக்கு யார் காரணம்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரால் என்ன சொல்ல முடியும்? இந்த நேரத்தில், இந்த இடத்திலிருந்து, இவ்வளவு பெரிய படகு இன்ஜின் இல்லாமல் விடப்பட்டால், அந்த நாட்களின் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எந்தப் பாதையில் போயிருக்கும் என்று கேட்டார்கள். அது ஒரு கடலியல்காரர் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

அப்புறம் ராடார் படம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் என்விசாட் செயற்கைக்கோள் எடுத்தவை. எங்கள் புவியியல் நண்பர் சொன்ன மாதிரியே ரப்பர் படகு அதில் தெரியாது. ஆனால் பெரிய கப்பல்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே படகைத் தேடாமல், படகைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று தேடினார்கள். சுற்று வட்டாரத்தில் கப்பல்கள் இருந்தன. கேள்வியைத் திருப்பிப் போட்டதும் குருட்டுப் படம் சாட்சியாகிவிட்டது. (என்விசாட் அதே 2012 ஏப்ரலில் தொடர்பு இழந்து செத்துப்போனது என்பது தனிக் கதை.)

இதற்கெல்லாம் அடியில் பிழைத்தவர்களின் வாக்குமூலம் இருக்கிறது. ஹெலிகாப்டர், மீன்பிடிப் படகு, போர்க்கப்பல் என்ற வரிசை அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான். தாகத்தில் கிடந்தவருக்கு அது எட்டாவது நாளா பத்தாவது நாளா என்பதில் தடுமாற்றம் இருக்கலாம். அந்தத் தடுமாற்றத்தை வைத்து வாக்குமூலத்தைத் தள்ளிவிடுவது ஒரு வழி. புனிதமாக்கி எதையும் சரிபார்க்காமல் விடுவது இன்னொரு வழி, நம் ஆட்கள் அதிகமாக விழும் பள்ளம் இது. இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. அவர்கள் சொன்ன வரிசையைப் படகு மிதந்த பாதையின் மேல் வைத்துப் பார்த்து, ஒன்று மற்றொன்றைத் திருத்தவும் தாங்கவும் விட்டார்கள்.

நான் தேர்வுக்குழுவில் பார்த்ததும் இதுதான், ஆனால் அப்போது எனக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒரு நேர்காணலில் இரண்டு முதுகலைப் பட்டம் வைத்திருந்த ஒருவர் வந்தார், ஒன்று அரசியல், ஒன்று தரவு அறிவியல். "நான் ரெண்டு துறையும் படிச்சவன், அதனால பல்துறை ஆய்வுக்குப் பொருத்தமானவன்" என்பதுதான் அவருடைய முழு வாதம். ஒரு பேராசிரியர் கேட்டார்: "உங்கள் திட்டத்தில் எந்த இடத்தில் உங்களுக்கு வேறொருவர் தேவைப்படுவார்?" அவர் யோசித்து, "யாரும் தேவைப்பட மாட்டார்கள்" என்றார். பெருமையாகச் சொன்னார். வெளியே போனதும் அந்தப் பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த இடம் கிடைத்தது ஒரே பட்டம் வைத்திருந்த வேறொரு ஆளுக்கு. அவர் தன் திட்டத்தில் ஒரு பத்தி முழுக்க, எனக்குக் குடும்பச் சட்டம் தெரியாது, மூன்றாம் அத்தியாயம் அதில்தான் நிற்கிறது, அந்த அத்தியாயத்துக்கு ஒரு சட்ட ஆய்வாளரிடம் நான் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை என்று எழுதியிருந்தார். மூன்றில் ஒன்று அசட்டுக் கேள்வி. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

தெரியாது என்று சொல்வது பணிவு, அதைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "எனக்குப் புள்ளியியல் வராதுங்க" என்பதும் தெரியாது என்று சொல்வதுதான், அதற்கு மதிப்பெண் கிடையாது. எது வரைக்கும் தெரியும், எந்த வரியில் அறிவு தீர்கிறது, தீர்ந்த இடத்தில் அடுத்த துறைக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு கேள்வியை வெட்டிக் கொடுக்க முடியுமா என்பதைத்தான் பார்க்கிறார்கள். மெக்கானிக்கிடம் போய் "வண்டி சரியில்ல" என்கிறவரும், "மூணாவது கியர்ல மட்டும், ஏத்தத்துல மட்டும் இழுக்குது" என்கிறவரும் ஒன்றா?

மானுடவியல்காரரை மறந்துவிட்டேன். அவர் பிழைத்த ஒன்பது பேரின் வாழ்க்கைக் கதையை எழுத வேண்டும் என்றார். ஏன் கிளம்பினார்கள், எந்த வழியாக லிபியா வந்தார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள். இங்கே நான் கொஞ்சம் குறுக்கிட்டேன். அந்த விவரங்களால் அதிகம் பயன்பெறப் போவது யார்? எல்லைக் காவல்துறை. வழியை அச்சிட்டால் வழி அடைபடும், அடுத்த கூட்டம் இன்னும் ஆபத்தான வழியில் போகும். ஹெல்லரும் பெட்சானியும் இதை யோசித்திருந்தார்கள். கடலைக் கடப்பவர்கள் மேல் வெளிச்சம் அடிப்பது அரசுகள் ஏற்கனவே செய்கிற வேலை, நாம் அந்த விளக்கை அரசுகளின் பக்கம் திருப்புவோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. கீழ்ப்படியாத பார்வை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். எதை ஆராய மாட்டேன், எதைத் தெரிந்தாலும் அச்சிட மாட்டேன் என்று ஒரு விண்ணப்பதாரர் காரணத்தோடு சொன்னால் நான் இருந்த இரண்டு குழுக்களிலுமே அது உடனே கவனிக்கப்பட்டது. விண்ணப்பப் படிவத்தில் நெறிமுறைக்கு என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லோரும் அதில் "ஒப்புதல் படிவம் வாங்குவேன்" என்று ஒரு வரி எழுதுவார்கள். கையெழுத்து வாங்கினால் பாவம் தீர்ந்தது என்ற மாதிரி.

மொழி பற்றி ஒரு சின்னக் குமுறல். விளம்பரம் ஆங்கிலத்தைக் கேட்கிறது. இந்தப் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எத்தியோப்பியா, எரித்ரியா பக்கத்தவர்கள், அவர்கள் பேசும் மொழிகள் திக்ரின்யா, அம்ஹாரிக், ஒரோமோ. களத்துக்கு உண்மையில் வேண்டிய மொழி விண்ணப்பத்தின் கடைசி வரியில், பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் கிடக்கும். நம் ஆட்களும் தமிழை அங்கேதான் போடுகிறார்கள். இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றி ஆய்வு செய்யப் போகிற ஒருவர் தமிழ் தெரியும் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கருவியாகக் காட்ட வேண்டாமா? முகாமில் இருப்பவர் "அகதி" என்ற சொல்லை எப்போது தானே சொல்கிறார், எப்போது அதைத் தவிர்த்து "நாங்க கேம்ப்" என்கிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பிடிக்க முடியாது. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியபோது என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று கேட்கவும் அந்தக் காது வேண்டும்.

அதோடு வரும் இன்னொரு கேள்வியும் உண்டு. தன் சமூகத்தைத் தானே ஆராய்கிறவரிடம் குழுவில் யாராவது ஒருவர் "நடுநிலையாக இருப்பீர்களா?" என்று கேட்பார். டச்சு மாணவர் ஒருவர் டச்சுக் குடிவரவுத் துறையை ஆராய வந்தால் இதைக் கேட்க மாட்டார்கள். கோபம் வரும், தெரியும். ஆனால் "நான் அந்த வலியை அனுபவித்தவன்" என்று மட்டும் பதில் சொன்னால் தோற்றுவிடுவீர்கள். தோற்கவும் வேண்டும் என்பேன். அனுபவம் கேள்வியைக் கொடுக்கும், பதிலைக் கொடுத்துவிடாது. எனக்கு எந்த வீட்டுக் கதவு திறக்கும், எந்த வீட்டுக் கதவு என் ஊர்ப்பெயரைக் கேட்டதும் சாத்திக்கொள்ளும் என்று சொல்லத் தெரிந்தவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்.

இன்னொரு நடைமுறை விஷயம், பலருக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்வது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகளில் (பிஎச்டி இடங்களுக்கு நிதி தரும் திட்டம்) இடப்பெயர்வு விதி ஒன்று இருக்கிறது: வேலையில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுகலை முடித்து அங்கேயே காத்திருக்கிறவர் ஜெர்மன் இடத்துக்குத் தகுதியில்லை, நெதர்லாந்து இடத்துக்குத் தகுதி. கட்டாய ராணுவ சேவையும், ஜெனீவா உடன்படிக்கையின்படி அகதி அந்தஸ்து கேட்டுக் காத்திருந்த காலமும் அந்தக் கணக்கில் சேராது. புலம்பெயர்வை ஆராய நீயும் கொஞ்சம் புலம்பெயர்ந்து வா என்கிறது விதி. அதே விசாவுக்காகத் தூதரக வாசலில் நிற்கும்போது இது எவ்வளவு சிரிப்பாக இருக்கும் என்பது நின்றவர்களுக்குத் தெரியும்.

மறுபடி படகுக்கு வருகிறேன். அறிக்கையை வைத்துப் பிரான்சிலும் பிறகு மற்ற நாடுகளிலும் புகார்கள் பதிவாகின. வருடக்கணக்கில் இழுத்தன. ஐரோப்பிய மன்றத்தின் (ஐரோப்பிய ஒன்றியம் இல்லை, மனித உரிமைக்கான தனி அமைப்பு) நாடாளுமன்றப் பேரவைக்காக டச்சு செனட்டர் டினெகே ஸ்ட்ரிக் விசாரித்து, 2012 மார்ச்சில் தனியாக ஒரு அறிக்கை கொடுத்திருந்தார், அதுவும் பொறுப்பு பல கைகளில் நழுவியதைச் சொன்னது. எந்தப் போர்க்கப்பல் என்ற கேள்விக்கு எந்த நாடும் முன்வந்து பதில் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் ஜெயிக்காத ஆய்வு தோற்ற ஆய்வா என்று சட்டக்காரர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அவரை நான் சமாதானப்படுத்தவும் இல்லை. மூன்று வருடம் வேலை செய்து முடிவில் கப்பலின் பெயர் கிடைக்காமல் நிற்கத் தயாரா என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாகப்பட்டினம் பெண் இவ்வளவு நேரமும் பேசவில்லை. நெட் சரியில்லை என்று கேமராவையும் அணைத்திருந்தார். முடிக்கப் போகும்போது, "அண்ணா, ஒண்ணு கேக்கலாமா, தப்பா இருந்தா விட்டுடுங்க" என்றார். செத்தவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்டார். ஒரு நாள் வைத்திருந்துவிட்டுக் கடலில் இறக்கினதாகப் பிழைத்த ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அப்ப நாளாக நாளாகப் படகு லேசாகியிருக்குமே. பாரம் இருக்கிற படகை நீவாடு, அதாண்ணா நீரோட்டம், இழுக்கும், பாரம் கொறஞ்சா தண்ணிக்கு மேல எழும்பிடும், அப்புறம் காத்துதான் இழுக்கும்னு எங்கப்பா சொல்வாரு. முதல் நாள் போட்ட கணக்கும் பத்தாவது நாள் போட்ட கணக்கும் எப்படி ஒண்ணா இருக்கும்? யார் என்னைக்குச் செத்தாங்கன்னு தெரிஞ்சாத்தானே படகு எங்க இருந்துச்சுன்னு சொல்ல முடியும்?"

ஜூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புவியியல்காரர்தான் முதலில் மைக்கைத் திறந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் ஆய்வுத் திட்டத்தை நான் ஏற்கனவே படித்திருந்தேன், அதில் அப்பா மீனவர் என்பது எங்கேயும் இல்லை. முதல் பக்கத்தில் "நான் குழுவாக இயங்கக்கூடியவர், தன்முனைப்பு உள்ளவர்" என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு இந்தக் கேள்வியைப் போடச் சொன்னேன். "இது போய் ஆராய்ச்சியாண்ணா?" என்றார். விண்ணப்பத்துக்கு இன்னும் 11 நாள் இருந்தது.